ஒன்றிலிருந்து இரண்டு வரை

“ஒரு நிமிஷம்கூட விட்டுப்போகக் கூடாது தம்பி. அதுக்கு எது சரிப்படுமோ அதைப் போடுங்க.”

ஏணிமேல் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த கேமராக்காரன் குனிந்து பார்த்தான். கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் தலையைக் கையில் தாங்கியபடி ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். போனில் கூப்பிட்ட பெண், “நான் ஆபீஸ்லேருந்து வர லேட்டாகும். அக்கா இருப்பாங்க, அவங்க சொல்றபடி வச்சிடுங்க” என்றிருந்தாள். காலையிலிருந்து அக்கா சொல்லச் சொல்லத் தீரவில்லை.

“அசைவு இருந்தா மட்டும் பதிவாகற மாதிரி வச்சிடட்டுமா மேடம்? நிறைய பேர் அப்படித்தான் வைப்பாங்க. டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்பாது.”

“வேண்டாம். அப்பா அசையறதே கொஞ்சம். இருபத்துநாலு மணி நேரமும் ஓடட்டும். அப்புறம், கம்ப்யூட்டருக்குப் போடற டிஸ்க்கை என் தலையில கட்டிடாதீங்க. ராவும் பகலும் எழுதிட்டே இருந்தா அது சீக்கிரமே படுத்துடுமாமே. கேமராவுக்குன்னே வர்றதைப் போடுங்க. நாலு கடையில விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

“போட்டுடலாம்.”

“கரண்ட் போனா?”

“ரெக்கார்டரை யூபிஎஸ்ல சேத்துடறேன்.”

“ரெக்கார்டரே கெட்டுப்போனா?”

“கேமராவுக்குள்ள ஒரு மெமரி கார்டு போட்டா, அதுல இன்னொரு காப்பி இருக்கும்.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. “வீட்ல அப்படி என்ன மேடம் இருக்கு, புதையலா?”

அவள் சிரிக்கவில்லை. பெரியவரின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“அப்பாவைப் பாத்துக்க ஆள் போட்டிருக்கு. காலைல எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்.”

அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த ஆள் கண்ணில் படவில்லை. இன்றைக்கு லீவோ என்னவோ.

“ஆள் சரியில்லையா?”

“நல்ல ஆள்தான். ஆனா நல்லவ நல்லவன்னு எத்தனை நாளைக்கு வாயால சொல்லிட்டிருக்க முடியும்?”

“முன்னாடி ஏதாவது நடந்துதா?”

“இங்க இல்ல, வேற ஒரு வீட்ல. ஒரு மத்தியானம் வளையல் காணாம போச்சு. அதான் கேமரா இருக்கே, பாத்துக்கலாம்னு போட்டா, அந்த முக்கால் மணி நேரம் மட்டும் பதிவே ஆகலை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. வேலை செஞ்சவளை அனுப்பிட்டாங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் சொல்லியும் வச்சுட்டாங்க.”

கேமராக்காரனுக்குச் சுருக்கென்றது. அவன் தங்கை ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். அவள் பாத்ரூமுக்குப் போனால்கூட, சாயங்காலம் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்களாம். சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கேமராவில் படாத மூலையாகத் தேடி உட்காருகிறாளாம். ஊரெல்லாம் கேமரா மாட்டுகிறவன் அவளுடைய அண்ணன். நல்ல பொருத்தம்தான்.

“சாப்பாடெல்லாம் எத்தனை மணிக்கு மேடம்? அந்த ஆளுக்கு?”

“அப்பா ஒரு மணிக்குக் கண்ணசருவார். அப்போ ஒரு வாய் சாப்பிடறதுதான். ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

ரெக்கார்டரை ஹால் அலமாரிக்குள் வைத்து அங்கிருந்த டிவியோடு இணைத்தான். பூட்டுவதற்கு முன் பதிவு நேரப் பட்டியலைத் திறந்தான். இருபத்துநாலு கட்டங்களும் பச்சையாக இருந்தன. ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கான கட்டத்தை மட்டும் தட்டி வெள்ளையாக்கினான். மெமரி கார்டுக்கும் அப்படியே செய்தான். டிவியில் படம் எப்போதும்போல ஓடும், அந்த ஒரு மணி நேரம் பதிவு மட்டும் ஆகாது. யார் பெற்ற பெண்ணோ, தினமும் அந்த நேரமாவது யாரும் கணக்குக் கேட்காமல் சாப்பிடட்டும். முடிந்தால் காலை நீட்டிப் படுக்கட்டும். செய்கிற தொழிலுக்கு இது துரோகம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தான்.

“ஒண்ணும் விட்டுப்போகலையே தம்பி?”

“ஒரு நிமிஷம்கூட விடலை மேடம்.” பொய் கூசாமல் வந்தது.

“நீங்க நல்லா இருக்கணும்” என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு கேமராவுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, போனில் பேசிய பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா? அக்காவுக்குத் திருப்திதானே?”

“அவங்களுக்குத் திருப்திதான்.” சொல்லாமல் போக அவனுக்கு மனசு வரவில்லை. “ஆனா வேலைக்கு வர்றவங்களை உங்க அக்கா இவ்வளவு சந்தேகப்பட வேண்டாம். அவங்களும் மனுஷங்கதானே.”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அவங்க என் கூடப் பிறந்த அக்கா இல்லைங்க. அப்பாவைப் பாத்துக்க வர்றவங்களே அவங்கதான். எனக்கு அவங்க மேல நம்பிக்கை இருக்கு, கேமராவெல்லாம் வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். போன வீட்ல வாங்கின கெட்ட பேரு போதும், எனக்கு ஒரு சாட்சி வேணும்னு அவங்கதான் பிடிவாதமா வைக்கச் சொன்னாங்க.”

கேமராக்காரன் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

“அந்த அலமாரிச் சாவியைக் கொஞ்சம் குடுங்கக்கா” என்றான். “மத்தியானம் ஒரு மணி நேரம் விட்டுப்போச்சு.”