ராடா, பிளேட்டா?

"பிளேட்டே போட்டுடலாம்" என்றார் டாக்டர் ஆர்வோ கெட்டுனென்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் காபிக் கோப்பைகளைப் பாதி வழியில் நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. என் காதுல ஏதோ கோளாறு" என்றாள் டாக்டர் கொரின்.

"பிளேட்டும் ஸ்க்ரூவும். உன் சரக்குதான். போதுமா?"

கனடாவின் தண்டர் பே நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர்கள் தினமும் காலை ஏழு மணிக்கு இப்படிக் கூடுவார்கள். புதிதாக வந்த எக்ஸ்ரேக்களைத் திரையில் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். வயதைச் சொல்வார்கள், பெயரை மட்டும் மறைத்துவிடுவார்கள். ஆள் யாரென்று தெரிந்தால் புத்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படி ஒரு வழக்கம்.

இன்று திரையில் இருந்தது அறுபத்து மூன்று வயதுப் பெண்ணின் தொடை எலும்பு. விடியற்காலையில் வாசல் பனியில் வழுக்கி விழுந்ததில், இடுப்புக்குச் சற்றுக் கீழே சாய்வாக முறிந்திருந்தது. பத்து மணிக்கு ஆபரேஷன். இன்றைய முறை கொரினுடையது.

எலும்பின் பக்கவாட்டில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவது கொரினின் கட்சி. எலும்புக்குள்ளேயே நீளமாக ராடு செருகுவது ஆர்வோவின் கட்சி. இருபது வருடமாக இந்த அறையில் அவர்கள் பேசியதை எழுதினால் நாலு புத்தகம் தேறும்.

"போன வாரம் இதே மாதிரி முறிவு. ராடுதான் போடணும்னு முக்கால் மணி நேரம் என் உயிரை எடுத்தீங்க" என்றாள் கொரின். "என் பிளேட்டைக் கொட்டகைக் கதவுக் கீல்னு சொன்னீங்க."

"கீலும் கதவைத் தாங்கத்தானே செய்யுது?"

எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேயைத் திரையில் போட்ட பயிற்சி மருத்துவர் டெஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்ம ஆய்வுலயே நானூறு பேரைப் பார்த்தோம்" என்றார் ஆர்வோ. "ஆறு மாசம் கழிச்சு நடக்கறதுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல."

"அதை நான் சொன்னப்போ, ஆய்வே தப்புன்னீங்க!"

"இப்ப சரிங்கறேன். விடேன்."

கொரினுக்குச் சந்தேகம் வலுத்தது. மனிதர் ஏதோ பொறி வைக்கிறார். அவளும் விடுவதாக இல்லை.

"சரி, அப்போ நான் ராடு போடறேன். சின்னக் கீறல், ரத்தமும் கம்மியாத்தான் போகும். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"வேண்டாம்!"

மேசை அதிர்ந்தது. காபி தளும்பியது. ஆர்வோ குரல் உயர்த்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

"நீ இதுவரைக்கும் எத்தனை ராடு போட்டிருக்கே?" என்று கேட்டார், குரலைத் தணித்துக்கொண்டு.

"பத்து, பன்னெண்டு இருக்கும்."

"பிளேட்?"

"அதை யாரு எண்ணினா?"

"அப்புறம் என்ன? கை எதுல பழகியிருக்கோ அதைப் போடு. அந்தம்மா மறுபடி நடக்கணும்."

"அப்படிப் பார்த்தா, நீங்களே ராடு போடுங்களேன். உங்க கைக்கு அதுதானே பழக்கம்? முறையை மாத்திக்கலாம்."

"இன்னிக்கு என்னால முடியாது."

"ஏன், மீன் பிடிக்கப் போறீங்களா? ஏரி உறைஞ்சதும் ஐஸ் மேல போட்டு மீன் பிடிக்கற குடிசையைத் தூக்கிட்டு ஐயா கிளம்பிடுவாரே!"

மறுபடி சிரிப்பு. ஆர்வோ சிரிக்கவில்லை. கோப்பையை எடுக்கப் போனவர், எடுக்காமல் கையைச் சட்டென்று மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். கொரின் பார்த்துவிட்டாள். அந்த விரல்கள் நடுங்கின.

ஓ, இதுதான் விஷயமா! வயது அறுபத்தாறு. கை போய்விட்டது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மனிதர் தோற்றவர் மாதிரி நடிக்கிறார். இருபது வருடம் காத்திருந்த வெற்றி அவள் வாயில் ஆறிப்போன காபியாகக் கசந்தது.

"பிளேட்டே போடறேன்" என்றாள் மெதுவாக.

"முறிஞ்ச இடத்துல எலும்பு சரியா உட்காருதான்னு ரெண்டு தடவை பாரு."

"எனக்கே பாடமா?"

"இல்ல. சும்மா சொன்னேன்." பிறகு, அவர் இதுவரை அவளிடம் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார். "தயவுசெஞ்சு."

அவர் எழுந்து போனதும் பக்கத்திலிருந்த மயக்க மருந்து டாக்டர், "கிழவர் இளகிட்டார்ப்பா" என்று கண்ணடித்தார். கொரின் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். சாயங்காலம் அவரைத் தனியாகப் பார்த்து, வகுப்பு எடுக்கலாமே, கத்தியைப் பிடித்தால்தான் டாக்டரா என்று பக்குவமாகப் பேச வேண்டும். வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வார்டுக்கு நடந்தாள்.

ஒன்பதரை மணிக்கு நோயாளியின் அறைத் திரையை விலக்கினாள். கட்டிலோரத்து நாற்காலியில், வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தபடி ஆர்வோ உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதே ஐலா, கொரின் வந்துட்டா" என்று தன் மனைவியின் நெற்றியை நீவிவிட்டு, எழுந்து கொரினுக்கு வழிவிட்டார்.