நாலாம் நம்பர் கேமராவில் கோடு

"அந்தம்மா உள்ள போனா படம் கலங்குது, வெளிய வந்தா தெளியுது. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

டிரை கிளீனிங் கடை முதலாளி திரையைத் தட்டிக் காட்டினார். நாலு கட்டங்களில் மூன்று பளிச்சென்று இருந்தன. நாலாவதில், பின்னறையில் கறை எடுக்கும் அம்மாவின் முகமே தெரியாதபடி கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின.

கேமரா கம்பெனியிலிருந்து வந்த பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"என்ன சந்தேகம் சார் உங்களுக்கு?"

"ஜனங்க சட்டைப் பையில மோதிரம், சங்கிலின்னு எதையாவது மறந்து வெச்சுக் குடுத்துடறாங்க. எல்லாம் முதல்ல அந்தம்மா கைக்குத்தான் போகுது. ஒரு மாசமா கேமரா கண்ணை மறைக்க ஏதோ வித்தை பண்றாங்க. பன்னெண்டு வருஷம் வேலை செஞ்சவங்க, அதான் மனசு கேக்கல. ஒயர்ல கை வெச்சிருக்காங்கன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. இன்னிக்குச் சாயங்காலத்தோட அவங்கள வேலைய விட்டு அனுப்பிடறேன்."

"பாத்துட்டு எழுதறேன். முதல்ல ரெக்கார்டர் பெட்டிக்குப் பின்னாடி மூணாம் நம்பர் ஒயரையும் நாலாம் நம்பர் ஒயரையும் மாத்திச் சொருகுங்க."

"நானா?"

"நீங்கதான்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் புகுந்தார். ஒயர் மாறியது. கோடுகள் மூன்றாவது கட்டத்துக்குக் குடிபோயின.

"பெட்டி மேல தப்பில்ல. இருந்திருந்தா கோடு நாலுலயே நின்னிருக்கும். அடுத்து கேமராவைப் பாக்கணும். ஏணி எங்க?"

ஏணி வந்தது. ஏறியதும் முதலாளிதான். உள்ளங்கை அளவு டிவி ஒன்றை அவரிடம் நீட்டி, அதை நேராகக் கேமராவில் மாட்டச் சொன்னாள்.

"ஏம்மா, கூலி உங்களுக்கு, ஏணி எனக்கா?"

"நீங்களே செஞ்சு பாத்தாதான் சார் நீங்க நம்புவீங்க."

கீழே கறை எடுக்கும் அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. முதலாளி சின்ன டிவியைப் பார்த்தார். சட்டையின் பித்தான் வரை எண்ணலாம் போலிருந்தது.

"ஒரு கோடு கூட இல்லையே! அந்தம்மா எதிர்லயேதான நிக்கறாங்க?"

"அப்ப கேமராவும் யோக்கியம்தான். கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவுல, ஒயர்லதான் ஏதோ புகுந்துக்குது."

"அதைத்தான நானும் சொல்றேன், ஒயர்ல கை வெச்சிருக்காங்கன்னு!"

பெண் கேமரா ஒயரைப் பழையபடி மாட்டச் சொன்னாள். பிறகு கறை எடுக்கும் அம்மாவிடம், "வெளிய வந்து நில்லுங்க. வந்தப்புறம் எதையும் தொடாதீங்க" என்றாள், வெடுக்கென்று.

அந்த அம்மா வழக்கம்போல் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். பொண்ணு கறார்தான் என்று முதலாளிக்குத் திருப்தி.

"இப்ப நீங்க மட்டும் உள்ள போங்க சார்."

போனார். "கோடு இருக்கா?" என்று கத்தினார்.

"இல்லீங்க!" என்றார் முன்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பில் போடுகிறவர்.

"பாத்தீங்களா! நான் வந்தா வரல!"

"அந்தம்மா உள்ள வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?"

"எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவாங்க. கறை மருந்து நெடி தாங்காதே."

"நீங்களும் போடுங்க."

ஃபேன் கடகடவென்று சுற்றியது.

"கோடு வந்துடுச்சு!"

"உள்ள யாரு சார் இருக்கா?"

முதலாளி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். "நான்தான்" என்றார் மெதுவாக.

"வித்தை உங்க கையிலயும் இருக்கு போல. திரும்ப ஏணில ஏறி, அலமாரிக்கு மேல ஒயர் எப்படிப் போகுதுன்னு பாருங்க."

ஃபேன் ஒயரும் கேமரா ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டி, பத்தடி தூரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"பழைய மோட்டார் சார், உள்ள பொறி பறக்குது. அந்த இரைச்சல் பக்கத்து ஒயர்ல ஏறிப் படத்தைக் கெடுக்குது. யாரு சார் இப்படிச் சேத்துக் கட்டினது?"

ஏணி உச்சியில் முதலாளி ஒரு பட்டையை விரலால் நிமிண்டினார்.

"ஒயர் தொங்கினா அசிங்கமா இருக்கேன்னு... போன மாசம் நான்தான்மா கட்டினேன்."

பில் போடுகிறவர் அவசரமாக இருமினார்.

முதலாளியே பட்டைகளை வெட்டினார், முதலாளியே கேமரா ஒயரை எதிர்ச்சுவருக்கு மாற்றினார். ஃபேன் சுற்றியது. "படம் கண்ணாடி மாதிரி இருக்குங்க!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கியவர், அவளை அப்படியே மலைத்துப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டாளே!

"எத்தனையோ பேர் வந்து ரிப்பேர் பாத்திருக்காங்க. இந்த மாதிரி மூளைய நான் பாத்ததில்லம்மா. உங்களைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க" என்றார், மனதாரத்தான். உடனே முகம் சுருங்கியது. "அந்தம்மாகிட்ட இனி எந்த முகத்தோட பேசுவேன்?"

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை போதும் சார். கேட்டுட்டு வாங்க, நான் வாசல்ல நிக்கறேன்."

"உங்க வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் நிக்கணும்?"

"எங்க அம்மாவைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போகணும் சார். நாளைக்குச் சாயங்காலத்தோட அனுப்பிடுவேன்னு நேத்து நீங்க சொன்னதுலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல அவங்களுக்கு."