வெறுமையாக வந்த பதில்

எல்லாப் பிள்ளைகளின் பெயருக்கும் பதில் வந்தது. கவிஸ்னாவின் பெயருக்கு மட்டும், பிள்ளையின் குலத்தைச் சொல்லும் குடி என்ற இடம் வெறுமையாக இருந்தது.

கோயில் மண்டபத் தரையில் மடிகணினியுடன் உட்கார்ந்திருந்த கஜானி, மகளின் பெயரை மறுபடி அனுப்பினாள். மறுபடி வெறுமை.

நாளை திருவிழா தொடங்குகிறது. ஒரு நாள் ஒரு குடிக்கு. எந்தக் குடிப் பிள்ளைகள் எந்த நாளில் விளக்கு எடுப்பது என்று இம்முறை கைபேசிக்குச் செய்தி போகும். குடி இல்லாத பிள்ளைக்கு விளக்கும் இல்லை.

கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் இராசதுரை எட்டிப் பார்த்தார்.

"உன்ட மெசினுக்கும் விளங்கிட்டுது போல, புள்ள. அட்டனில மாப்பிள எடுத்தா பிள்ளைக்கு எங்கால குடி? என்ட பெடியனுக்குப் பாரு, டக்கெண்டு வந்திட்டுது!"

கஜானிக்குக் கோபம் வந்தது. அதைவிட ஆவல் பெரிதாக வந்தது.

அவள் எழுதிய செயலிக்கு யாருடைய குடியும் தெரியாது. குடும்பப் பதிவுகள் இன்னொரு செயலியில் இருக்கின்றன. ஒன்று மற்றதற்குள் நுழைந்து தேடுவதில்லை. நடுவில் ஒரு வாசல் உண்டு, ஏபிஐ என்பார்கள். வாசலில் நின்று, இரண்டும் ஒத்துக்கொண்ட சொற்களில் கேட்க வேண்டும். கேட்டதற்குத்தான் பதில் வரும். கேட்க நினைத்தது அதற்குத் தெரியாது.

அப்படியானால், தான் கேட்டது என்ன?

தன் வரியைத் திறந்து வாசித்தாள்.

பிள்ளையின் தந்தையுடைய குடி என்ன?

சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து தந்தை பெயரையே நிரப்பிப் பழகிய கை. ஆனால் இந்த ஊரில் குடி தாய்வழி. ஒரே குடிக்குள் கல்யாணமும் இல்லை.

என்றால், வந்த பதில்கள் அத்தனையும் பிழை. நிரம்பி வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மலையகத்து அட்டனில் பிறந்த அவள் கணவன் ரதீசுக்குக் குடி இல்லாததால்தான் பிழை வெளியே தெரிந்தது.

"மாமா, உங்கட மகனுக்கு என்ன குடி வந்திருக்கு? வடிவா வாசிங்க."

இராசதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, இது என்ட குடி! அவன் அவன்ட அம்மாட குடிதானே?"

"ஓம் மாமா. என்ட மகளும் அப்படித்தான்."

கஜானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தந்தை என்றிருந்த சொல்லை அழித்து, தாய் என்று எழுதி, மறுபடி அனுப்பினாள்.

கைபேசி ஒலித்தது.

கவிஸ்னா, அத்தியா குடி, முதல் நாள்.