மலைக்கு மூன்று பேர்

கோடை வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. வெல்டர் கைபேசியை நிழல் பக்கம் நகர்த்தி, மலை விடுதியின் படங்களை மகளுக்குக் காட்டுகிறார். போன வருடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மூத்தவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இருக்கிறவளையாவது சிரிக்கவைக்க அவர் தலைகீழாக நின்று பார்க்கிறார். மனைவி அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நிற்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல." "நாலே நாள்தாம்மா. சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போலாம்," என்கிறார் அவர். "அவன் வந்து நிக்கும்போது கதவு பூட்டியிருந்தா?" தீப்பொறி பட்டுத் தழும்பேறிய அவர் விரல் திரையில் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கிறது.

மகள்தான் மெல்லச் சொல்கிறாள், "அண்ணனுக்கு மலைன்னா உசுரு. ஒருவேள அங்கதான் இருக்கானோ என்னவோ." மின்விசிறி கடகடக்கிறது. மனைவி வந்து கைபேசியை வாங்குகிறாள். பனி மூடிய சரிவு, ஏரி, படகுத்துறை. ஒவ்வொரு படத்திலும் தூரத்தில் நிற்கிற ஆட்களை இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்த முகங்கள் மங்கிக் கட்டங்கட்டமாக உடைகிறவரை பார்க்கிறாள். பிறகு கைபேசியை அவரிடமே நீட்டுகிறாள். "இன்னும் படம் இருக்குதாங்க?" அவர் தலையாட்டிவிட்டு, கூட்டம் நிறைய இருக்கிற படமாகத் தேட ஆரம்பிக்கிறார்.