அண்ணனின் எச்சில்

"இதுக்குள்ள கொஞ்சம் துப்பித் தரவேணும் அண்ணை."

குசினி மேசையில் வைத்த சின்னக் குழாயை அருந்தவன் அண்ணனின் பக்கம் தள்ளினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிறிதரன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "என்னடா, நான் உன்ர சொந்த அண்ணனோ எண்டு சந்தேகமோ?"

அருந்தவனுக்குக் காது சுட்டது. ரோவிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காரோட்டி வரும்போது வழிநெடுகச் சொல்லிப் பார்த்த வசனம் மறந்தே போனது.

அண்ணனின் தலையைப் பார்த்துப் பயந்துதானே எல்லாம் தொடங்கியது. இளவயதிலேயே வழுக்கை, நாற்பத்தைந்தாகியும் கலியாணமில்லை. பெண் வீட்டார் வேண்டாமென்று சொல்லுமுன் அண்ணன் தானே முந்திக்கொண்டு சம்பந்தங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அருந்தவன் நினைத்திருந்தான். தனக்கும் முடி கொட்டத் தொடங்கியதும் டொக்டரிடம் ஓடிக் குளிசை வாங்கினான். முடி தங்கியது. மயூராவைக் கைப்பிடித்தான்.

"தலைமயிருக்கு ஒரு குளிசை போட்டனான் அண்ணை. அதால..." மேசையைப் பார்த்தே சொன்னான். "மயூராவோட புருசனா இருக்க ஏலாமப் போச்சு. தன்னைப் பிடிக்கேல்லையெண்டு நினைச்சு அவள் அழுறாள்."

சிறிதரனின் சிரிப்பு நின்றது. "குளிசையை விட்ட பிறகும் மாறேல்லையோ?"

"இல்லை. விட்டு ஒரு வருசமாச்சு. கனபேருக்கு ஒண்டும் செய்யாதாம். சிலருக்குத்தான் இப்பிடி. பரம்பரையில ஏதும் கிடக்கோ எண்டு ஆராய்ச்சி செய்யினம், இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை."

"அதுக்கு என்ர எச்சில் ஏன்?"

"அந்தக் குளிசையைத் தொடாத கூடப்பிறந்தவரோட ஒப்பிட்டுப் பாக்கவேணுமாம்."

சிறிதரன் குழாயைக் கையில் எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு முன்னால இதைச் சொல்லவே வெக்கமாக் கிடக்கு அண்ணை." அருந்தவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

பிறகு குழாய் மேசையில் உரசியபடி அவன் பக்கமே திரும்பி வந்தது.

"உனக்குச் சொல்லாம விட்டதுக்கு நான்தான் வெக்கப்படவேணும். அந்தக் குளிசையாலதானடா நான் கலியாணமே கட்டேல்லை."