கடைசிக் கார்டு

"ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா, பில்லுல பத்து சதவீதம் கழியும்" என்றாள் ஜெஸ்லின். மாதத்தின் கடைசி நாள். ஜவுளிக்கடையின் கிரெடிட் கார்டை இன்னும் ஒருத்தர் தலையில் கட்டினால்தான் அவள் வேலை தங்கும்.

ஒற்றைத் துண்டு வாங்க வந்த முத்துக்கனி தயங்கினாள். "கட்டணம் ஏதும் உண்டா?"

"முதல் வருஷம் ஒரு பைசா கிடையாது. பயப்படாதீங்க."

முத்துக்கனி கையெழுத்துப் போட்டாள். வகையாக ஓர் ஏமாளி வாய்த்தாள் என்று ஜெஸ்லினுக்கு உச்சி குளிர்ந்தது.

முத்துக்கனி கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள்.

"ஏளா, நான் எதிர்த்த செருப்புக்கடையிலதான் வேலை பாக்கேன். எங்க கடைக் கார்டுக்கு எனக்கும் ஒரு ஆளு குறையுது. மேனேஜர் வச்ச கெடு இன்னைக்குத்தான். நீ போடு."

ஜெஸ்லின் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "கட்டணம் ஏதும்..."

"முதல் வருஷம் ஒரு பைசா கிடையாது. பயப்படாத."