முக்கால் மணி நேரம் கத்திய பைக்

பைக் மறுபடியும் கத்த ஆரம்பித்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. யாரும் அதைத் தொடவில்லை. கீழ் வீட்டு டீச்சரின் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, அவ்வளவுதான். அதற்கே திருடன் வந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டது.

வாயில் நுரையோடு கீழே ஓடினேன்.

இது வண்டியோடு வந்த அலாரம் இல்லை. கடைத்தெருவில் நானே ஆசைப்பட்டு வாங்கி மாட்டியது. முதலில் ஆம்புலன்ஸ் மாதிரி கத்தும். அப்புறம் கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. அப்புறம் சேவல். மூன்றும் முடிந்தால் திரும்ப ஆம்புலன்ஸ். வேண்டவே வேண்டாம் என்று என் மனைவி கடையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே.

கடைக்காரர் கொடுத்த ரிமோட் இரண்டு. ஒன்றை நான் நேற்றுதான் பேன்ட் பாக்கெட்டில் வைத்து வாஷிங் மெஷினில் துவைத்துவிட்டேன். இன்னொன்று மனைவியின் சாவிக்கொத்தில் இருந்தது. மனைவி அவள் அக்கா வீட்டில் இருந்தாள்.

ஐந்து நாளாக.

அதற்கும் இந்த அலாரம்தான் காரணம். சகலைக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது, பார்க்கப் போனோம். மனுஷன் கண் அசரும்போதெல்லாம் வாசலில் நின்ற பைக் சேவலாகக் கூவியது. ஒவ்வொரு தடவையும் அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். வீட்டுக்கு வரும் வழியில், இதை இன்றைக்கே கழற்றி எறியுங்கள் என்றாள் என் மனைவி. அலாரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். உன் அக்கா புருஷன் விடுகிற குறட்டைக்கு எந்த அலாரமும் அடிக்கத்தான் செய்யும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஒத்தாசைக்குப் போனவள் ஒரு போன் பண்ணமாட்டாளா? பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?

ஐந்து நாளும் காலையில் பிரெட், ராத்திரியிலும் பிரெட். டிவியில் ஏதாவது சிரிப்பு வந்தால் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று தெரிந்து அணைத்துவிடுவேன். அவள் இல்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் இதைப் போய் போனில் எப்படிச் சொல்வது?

டீச்சர் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"தம்பி, ஒண்ணு அதை நிறுத்துங்க, இல்ல எங்களை வேற வீடு பார்த்துக்கச் சொல்லுங்க."

ரிமோட் அவளிடம் இருக்கிறது என்றேன். அப்படியானால் அவளைக் கூப்பிடுங்கள் என்றார், என்னவோ அது லேசான காரியம் மாதிரி.

மேலே போய் இரண்டு தலையணையும் ஒரு போர்வையும் எடுத்து வந்து பைக்கைப் போர்த்தினேன். போர்வைக்குள்ளிருந்து சேவல் கூவியது. எதிர் வீட்டுக்காரர் ஜன்னலை அடித்துச் சாத்தினார்.

சரி, வேறு வழியில்லை. போனை எடுத்தேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். ஆனால் ஹலோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்ற மாதிரி, அது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் போனை பைக் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் முடிந்தது. ரிவர்ஸ் முடிந்தது. சேவல் ஒரு தடவை கூவியதும் லைன் கட் ஆனது.

அவள் அக்கா வீடு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறது. ஆட்டோவில் வந்தால் பத்து நிமிஷம்.

பத்து நிமிஷம் ஆயிற்று. வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆனதும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வரமாட்டாள். அந்த ரிமோட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பப் போகிறாள். டீச்சர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ வந்தது.

என் மனைவி இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக பைக்கிடம் போய்ப் போர்வையை இழுத்துக் கீழே போட்டாள். ஹேண்ட்பேக்கைத் திறப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் என் பக்கம் கையை மட்டும் நீட்டினாள். வண்டிச் சாவியைக் கொடுத்தேன். சீட்டைத் திறந்தாள், பேட்டரிக்குப் பக்கத்தில் கையை விட்டாள், வெள்ளையாக இருந்த ஒரு ப்ளக்கைப் பிடுங்கினாள்.

சேவல் பாதிக் கூவலில் நின்றது.

"இதைப் பிடுங்கினா நின்னுடும்னு கடைக்காரர் காட்டினப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

டீச்சர் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நின்றேன்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் மூன்று தடவை என் கை சீட் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

"மறந்துட்டேன்" என்றேன். இருக்கிற மானத்தையாவது காப்பாற்ற வேண்டுமே. "சரி, நீ ஏன் சீட்டை எல்லாம் திறந்துகிட்டு? ரிமோட்டை அமுக்க வேண்டியதுதானே."

"நானும் மறந்துட்டேன். சாவிக்கொத்து அக்கா வீட்டு டிவி மேலயே கிடக்கு."

அதற்குள் ஆட்டோக்காரர் பின்பக்கம் போய் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பெட்டி ரெண்டும் மாடிக்கா?"